ஆலைக் கொட்டகையும் சுழல்வேகமும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தின் வரலாற்றைக் கூறுவோர் தென்னமரம் தோட்டத்தை மறவார். 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான ஆன்ரி ஃபோக்கோனியே, மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது அங்கேதான். தென்னையைப் பெயரில் தாங்கிய தோட்டம் செம்பனையால் புகழ் பெற்றது ஒரு வேடிக்கை. ஆயினும், பால்வெட்டுத் தொழிலாளியை எழுத்தில் வடித்த நம்மவர், ஆலைக் கொட்டகைக்குள் நின்ற தமிழரை அவ்வளவாக எழுதினாரல்லர்.

அக்கொட்டகையின் உயிர்நாடி சுழல்வேகமாகும். தொடக்கக்கால ஆலைகளில், அவித்துப் பிசைந்த பழத்தைத் துளைகளுள்ள கலத்திலிட்டு விரைந்து சுழற்றி எண்ணெய் பிரித்தனர். வேகம் பாதியானால் வெளித்தள்ளும் விசை கால்பங்காகிவிடும். எண்ணெய் சக்கையிலேயே தங்கும். வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். கலத்திற்கும் ஆளுக்கும் ஆபத்து.

நீராவி எந்திரத்தின் வேகத்தைக் காக்க, 1788இல் ஜேம்ஸ் வாட் கையாண்ட முறை எளியது. இரு குண்டுகள் ஓர் அச்சைச் சுற்றி வரும். வேகம் மிகுந்தால் அவை விரிந்து உயர்ந்து நீராவி வழியை ஒடுக்கும். குறைந்தால் தாழ்ந்து திறந்துவிடும்.

பின்னர் மின்மோட்டார் வந்தது. அதன் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அலைவெண். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும். மோட்டார் சற்றே பின்தங்கி ஓடும். செம்பனை ஆலையோ நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவிச் சுழலி கொண்டு தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்வது. பழம் அவிக்கும் கலத்திற்கு நீராவியைத் திறந்தவுடன் கொதிகலனின் அழுத்தம் இறங்கும். சுழலி தளர்ந்தால் அலைவெண் குறையும். ஆலையின் மோட்டார்கள் அனைத்தும் ஒருசேரத் தளரும். அழுத்தமே இல்லாதபோது வேகங்காப்பான் வழியைத் திறந்து பயனென்ன? பழமும் காத்திராது, காலந்தாழ்ந்தால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குன்றும். அடுப்பின் தீயைத் தணியவிடாத கைகளே வேகத்தைக் காத்தன.

இன்று வீட்டுப் பட்டறையில் கணினியால் இயங்கும் செதுக்குப்பொறியிலும் அதே விதிதான். 400 ஹெர்ட்ஸில் இரு துருவச் சுழல்தண்டு மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 24,000 முறை சுழல்கின்றது. வேகத்தைத் தணிக்க அலைவெண்ணைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும். இன்றேல் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். அலைவெண் மாற்றி என்னும் சிறு பெட்டி இரண்டையும் சேர்த்தே செய்துவிடுகின்றது. விரலால் ஒரு குமிழைத் திருகினால் போதும். தோட்டத்து ஆலையில் அவ்வேலைக்கு, கொதிகலனின் வாயருகே மண்வாரியுடன் ஒருவர் நின்றார்.