அரபிக்கு 375 மதிப்பெண்: ஐ.சி.எஸ். தேர்வும் முஸ்லிம்களும்

இந்தியாவை ஆளும் அதிகாரிகளைப் போட்டித் தேர்வின் வாயிலாகத் தெரிவு செய்ய வேண்டும் என்று 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் விதித்தது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தத்தம் உறவினர்க்கும் நண்பர்களின் பிள்ளைகட்கும் அப்பதவிகளை வழங்கி வந்தனர். தேர்வுக்கான திட்டத்தை வகுத்தளித்தது மெக்காலே பிரபுவின் தலைமையில் அமைந்த குழு. முதல் தேர்வு 1855இல் இலண்டனில் நடைபெற்றது.

அக்குழு வகுத்த மதிப்பெண் பட்டியலை நம்மவர் ஒருமுறையேனும் படித்துப் பார்த்தல் நலம். மொத்தம் 6875 மதிப்பெண். அதில் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500, கணிதத்துக்கு 1000, கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஒவ்வொன்றுக்கும் 375. அரபிக்கும் சமஸ்கிருதத்துக்கும் அதே 375. கீழை நாட்டு இலக்கியங்களை 1835இல் ஏளனம் செய்து எழுதிய அதே மெக்காலே, அரபி மொழிக்குத் தேர்வில் ஓர் இடம் தந்தார் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். ஆயினும், அவர் ஆளப்போகும் நாட்டின் செம்மொழிகள், அவர் ஆண்டு திரும்பும் நாட்டில் பயிலும் செம்மொழிகளின் பாதி மதிப்பையே பெற்றன.

இதற்குக் குழு கூறிய காரணம் கருதத்தக்கது. தேர்வு எழுதுவோரில் பெரும்பாலோர் தோல்வியுறுவர். அவர்களுடைய உழைப்பு வீணாகலாகாது. எனவே, இங்கிலாந்திலேயே தங்கி வேறு தொழில் புரியும் இளைஞனுக்கும் பயன்படும் பாடங்களிலேயே தேர்வு அமைய வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. இந்தியச் சட்டம், இந்திய மொழிகள் முதலியன தேறிய பின்னர் கற்றுக்கொள்ள வேண்டியவை. ஆங்கிலேய இளைஞனின் தோல்வியை இவ்வளவு பரிவோடு எண்ணிப் பார்த்த அத்திட்டம், கடல் கடந்து வந்து தோற்கும் இந்திய இளைஞனின் நிலையை எண்ணிப் பார்க்கவில்லை. தேர்வு எல்லார்க்கும் திறந்திருந்தது. தேர்வுக்கு ஆயத்தமாகும் வாய்ப்போ ஒரு நாட்டார்க்கு மட்டுமே வாய்த்திருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

1862இல் சத்தியேந்திரநாத் தாகூரும் மன்மோகன் கோஷும் இங்கிலாந்து சென்றனர். தாகூர் 1863இல் தேறினார்; இத்தேர்வில் வென்ற முதல் இந்தியர் அவரே. கோஷ் தேறவில்லை. இடையில் 500ஆக உயர்த்தப்பட்டிருந்த சமஸ்கிருத, அரபி மதிப்பெண்கள், இந்த வெற்றிக்குப் பின் மீண்டும் 375ஆகக் குறைக்கப்பட்டன. இந்தியருக்குச் சற்றே சாதகமாயிருந்த பாடத்தின் எடையைக் குறைத்தது தற்செயல் என்று கொள்ள நம்மால் இயலவில்லை. கோஷ் இதனைக் கண்டித்து 1866இல் ஒரு நூலே வெளியிட்டார்.

வயது வரம்பு அதனினும் கொடியது. தொடக்கத்தில் 23ஆக இருந்த உச்ச வயது 1859இல் 22ஆகவும், 1866இல் 21ஆகவும், 1878இல் 19ஆகவும் இறங்கிற்று. பத்தொன்பது வயதுக்குள் ஆங்கிலத்தில் புலமை எய்தி, கப்பலேறி, இலண்டனின் தனிப்பயிற்சி நிலையங்களில் பணம் கட்டிப் பயின்று, ஆங்கிலப் பள்ளி மாணவரோடு போட்டியிட வேண்டும். ஓதும் பள்ளியில் குர்ஆனும், பின்னர் பாரசீகமும் கற்று, அதன் பிறகே ஆங்கிலப் பள்ளியை எட்டிய முஸ்லிம் சிறுவனுக்கு இவ்வரம்பு மற்றவரைக் காட்டிலும் கடுமையாய் அமைந்தது. அவன் அறிந்த அரபிக்கோ 375 மதிப்பெண்.

இங்கே சர் சையத் அஹ்மத் கானின் நிலையைச் சற்று விரிவாகக் காண வேண்டும். அவரைப் பற்றி நம் ஏடுகளில் ஒருதலையான புகழ்ச்சியோ ஒருதலையான இகழ்ச்சியோதான் மிகுதி. இங்கிலாந்துக் கல்வியின் விலையை அவர் நேரில் அறிந்தவர். 1869இல் மகன் சையத் மஹ்மூத் அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றபோது, தாமும் உடன் செல்வதற்காகத் தம் நூலகத்தை விற்று, வீட்டையும் அடமானம் வைத்தார். 1877இல் வயதுக் குறைப்பை எதிர்த்து சுரேந்திரநாத் பானர்ஜி வட இந்தியாவெங்கும் சுற்றியபோது, அலிகர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சர் சையத். 1883இல் முஸ்லிம் பட்டதாரிகள் இங்கிலாந்து சென்று இத்தேர்வு எழுத உதவும் பொருட்டு ஒரு நிதிச் சங்கத்தையும் நிறுவினார். இவையெல்லாம், தடை எங்கே உள்ளது என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட ஒருவரின் செயல்கள்.

ஆனால் 1887 டிசம்பர் 28ஆம் நாள் இலக்னோவில் ஆற்றிய உரையில், இந்தியாவில் போட்டித் தேர்வு நடத்துவதையே அவர் எதிர்த்தார். கல்வியில் முந்திவிட்ட வங்காளிகளே பதவிகளை எல்லாம் கைக்கொள்வர், முஸ்லிம்களுக்கு எதுவும் எஞ்சாது என்பது அவருடைய அச்சம். அன்றைய கல்வி நிலையை நோக்க அது ஆதாரமற்ற அச்சமன்று. ஆனால் தாழ்ந்த குடியிற் பிறந்தவன் தேர்வில் வென்று அதிகாரியாக வந்தால் உயர்குடியினர் அவன் ஆட்சியை ஏற்கமாட்டார் என்றும் அவர் வாதிட்டார். பிலாலை பாங்கு சொல்ல ஏற்றிய மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் வாயில் இவ்வாதம் வந்தது நமக்கு உறுத்தலாகவே உள்ளது.

அதே வாரத்தில் நம் சென்னையில் காங்கிரஸின் மூன்றாம் மாநாடு கூடிற்று. அதற்குத் தலைமை வகித்தவர் பம்பாய் வழக்கறிஞர் பத்ருத்தீன் தையாப்ஜி. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே வேளையில் தேர்வு நடத்த வேண்டும் என்பதைக் காங்கிரஸ் தன் 1885ஆம் ஆண்டு முதல் மாநாட்டிலேயே கோரியிருந்தது. முஸ்லிம்கள் பொது முயற்சிகளிலிருந்து விலகி நிற்பதற்குக் காரணமில்லை என்று தையாப்ஜி கருதினார். இவ்விருவரிடையே அடுத்த ஆண்டில் நடந்த கடிதப் போக்குவரத்து, கருத்து மாறுபாட்டையும் கண்ணியத்தையும் ஒருங்கே காட்டுகிறது.

யார் சரி? சர் சையத் நோயைச் சரியாகக் கண்டார், மருந்தைத் தவறாகத் தேர்ந்தார் என்பதே நம் துணிபு. தேர்வு இலண்டனில் மட்டும் நடைபெறுவதால் அதிகம் இழந்தவர்கள், கப்பல் கட்டணத்துக்கு வழியில்லாத முஸ்லிம் குடும்பத்தாரே. தேர்வு மையம் நம் நாட்டுக்கு வருவதை எதிர்த்ததால், வசதி படைத்தவர்க்கே வாயில் திறந்திருக்கும் நிலையை அவர் தம்மையறியாமல் நீட்டித்தார். 1893 ஜூன் 2ஆம் நாள் ஆங்கிலேயப் பொதுமக்கள் சபை ஒரே வேளைத் தேர்வை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்திய அரசு அதை ஏற்க மறுத்தபோது முன்வைத்த காரணங்களுள் ஒன்று, முஸ்லிம்கள் பாதிக்கப்படுவர் என்பது! மாகாண அரசுகளுள் சென்னை அரசு ஒன்றே அத்தீர்மானத்தை ஆதரித்தது.

உச்ச வயது 1892இல் மீண்டும் 23ஆயிற்று. அதன் பயனை உடனே காண்கிறோம். பம்பாயில் பிறந்து, அங்கு அஞ்சுமன் பள்ளியிலும் வில்சன் கல்லூரியிலும் பயின்ற ஓர் இளைஞர், உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, 1895இல் ஐ.சி.எஸ். அதிகாரியாகத் தாயகம் திரும்பினார். அவர்தாம் அப்துல்லாஹ் யூசுப் அலி. அவருடைய திருக்குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1934 முதல் லாகூரிலிருந்து வெளிவரலாயிற்று. அதை வீட்டில் வைத்திருக்கும் பலர், அவர் இத்தேர்வில் வென்றவர் என்பதை அறியார். பள்ளியும் உதவித்தொகையும் நான்காண்டு கூடுதல் வயதும் ஒருங்கே அமைந்தபோது நிகழ்ந்தது இது.

தேர்வு இந்திய மண்ணுக்கு வந்தது 1922இல், இடம் அலகாபாத். 1934இல் அகில இந்தியப் பணிகளின் நேரடி நியமனங்களில் 25 விழுக்காடு முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டது. நாட்டு விடுதலையோடு அவ்வொதுக்கீடு நின்றது. தையாப்ஜியின் பெயரையே தாங்கிய பேரர் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, 1962இல் அலிகர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அமர்ந்தார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

அரபியின் கதையையும் சொல்லி முடிக்க வேண்டும். விடுதலைக்குப் பின் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களுள் அரபி இலக்கியம் நெடுங்காலம் இருந்தது. 2012 வரை இரு தாள்களாக 600 மதிப்பெண் பெற்றிருந்த அப்பாடமும், பாரசீகமும் 2013இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மதரஸாவில் பயின்ற ஒருவர் தாம் கற்றதையே தேர்வில் எழுதும் வழி அத்துடன் அடைபட்டது. தமிழில் தேர்வெழுதும் வழியோ 1979 முதல் திறந்தே உள்ளது.

2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை, இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, காவல் பணியில் 4 விழுக்காடு, வெளியுறவுப் பணியில் 1.8 விழுக்காடு என்று கணக்கிட்டது. இவ்வெண்கள் மேடைதோறும் சொல்லப்பட்டுவிட்டன. அதே அறிக்கையிலுள்ள மற்றொரு செய்தியை மேடைகளில் நாம் கேட்பதில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் எழுத்துத் தேர்வுக்கு அமர்ந்தவர்களுள் முஸ்லிம்கள் 4.9 விழுக்காட்டினரே, நாட்டு மக்கள்தொகையிலோ அவர்கள் 13.4 விழுக்காடு. அவ்வாறு அமர்ந்தவர்களின் வெற்றி விகிதமோ ஏனையோரின் விகிதத்துக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. தில்லி ஜாமியா மில்லியாவில் 2010இல் உறைவிடப் பயிற்சியகம் தோன்றியது இவ்வறிக்கைக்கு நான்காண்டுகளுக்குப் பின்னர். சர் சையத் நிதிச் சங்கம் அமைத்த 1883க்கோ 127 ஆண்டுகளுக்குப் பின்னர்.