நெய்யூர் மருத்துவமனையும் குடற்புண்ணும்

1922-ம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகளைப் பலிகொடுத்து முடிந்தது. அந்தச் சரிவிலிருந்து உயிர் தப்பிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பித் தென்கோடிக்கு வந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்து கிடந்தார்கள். அறுவை செய்ய ஒரே ஒரு மருத்துவர். பார்த்தவருக்கு மனம் கேட்கவில்லை. லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார்.

அங்கே அவரிடம் ஓயாமல் வந்த நோய், சிறுகுடலின் தொடக்கத்தில் உண்டாகும் புண். வெறும் வயிற்றில் தொப்புளுக்கு மேலே எரியும். நடுராத்திரியில் வலி எழுப்பிவிடும். கொஞ்சம் கஞ்சி குடித்தால் அடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பும். சில மாதம் விட்டிருக்கும், பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும். வயிற்றுவலிதானே என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்களுக்குப் புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வழியே அடைபட்டது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியாக வந்தது. எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவர்களுக்கு, அடைபட்ட இடத்தை விட்டு இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பதே அன்று கைகொடுத்த வழி. நெய்யூரில் அந்த அறுவை அன்றாட வேலையாயிற்று. பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சோமர்வெல் பாடம் நடத்தினார்.

இந்த மண்ணில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு? சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்துவந்த மருத்துவர் ராபர்ட் மக்காரிசன், ஏழைத் திருவிதாங்கூர்க்காரர் உண்ட மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல எலிகளுக்கு இரைப்பையில் புண் வந்தது. கோதுமையும் பாலும் கொண்ட பஞ்சாபிச் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் நலமாக இருந்தன.

உலகெங்கும் மருத்துவர்கள் அமிலத்தையே குற்றவாளியாகக் கண்டார்கள். பால், பத்தியம், கவலைப்படாதே என்ற அறிவுரை, கடைசியில் கத்தி. 1970-களில் வந்த சிமெட்டிடின் மாத்திரை அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றியது. நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வந்தது.

விடை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிடைத்தது. நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன் இரைப்பைத் திசுவில் கண்ட சுருள் கிருமியை வளர்த்தெடுக்க முடியாமல் இருந்தது. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாளில் தூக்கிப் போடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது. 1984-ல் வாரனோடு சேர்ந்து ஆராய்ந்த மருத்துவர் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகப் படுத்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியையும் புண்ணில் அதன் பங்கையும் கண்டறிந்ததற்காக 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கத்தி வைத்த நோய் பெரும்பாலும் இரண்டு வார மாத்திரைக்குள் வந்துவிட்டது.

ஆனாலும் சாப்பாட்டைச் சந்தேகித்தவர்களை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கிருமி வட இந்தியாவிலும் பரவலாக உண்டு; புண்ணோ தெற்கிலேயே அதிகம் காணப்பட்டது. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி இதைப் பல காலம் ஆராய்ந்து, தீட்டிய அரிசியில் இல்லாத, இரைப்பையைக் காக்கும் கொழுப்புப் பொருள்கள் சில தானியங்களிலும் பருப்புகளிலும் உண்டு என்று வாதிட்டார்.