பெங்களூரின் தொழில்மயமாக்கமும் மொழிச் சமூகங்களும்

முன்னுரை

ஒரு நகரின் பொருளாதாரத்தைத் தொழில்மயமாக்கம் மாற்றும்போது, யார் யாருடன் எம்மொழியில் பேசுகின்றனர் என்பதும் மாறுகிறது. அம்மாற்றம் நாளடைவில் அரசியலாகவும் உருக்கொள்கிறது. பெங்களூரில் இது நிகழ்ந்த வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இரு நகரங்கள்

1809இல் பிரித்தானியப் படைமுகாம் அமைந்தபின் பெங்களூர் இருவேறு நகரங்களாக வளர்ந்தது. மேற்கே கன்னடம் முதன்மை பெற்ற பழைய பேட்டை. கிழக்கே அல்சூரையொட்டிய பாளையம். படையினர்க்குப் பணிபுரியவும் வணிகம் செய்யவும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தோரால் பாளையத்தில் தமிழ் வேரூன்றியது. பாளையத்தைக் கன்னடர் 'தண்டு' என வழங்கினர். படையைக் குறிக்கும் இச்சொல் தமிழுக்கும் உரியதே. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், பாளையம் பிரித்தானிய ஆட்சியிலேயே நீடித்தது.

2. ஆலையும் மின்சாரமும்

பின்னாளில் பின்னி நிறுவனத்தின் மேலாண்மைக்குட்பட்ட துணியாலை 1884இல் தோன்றியது. இல்லத்தில் குடும்பத்தோடு நெய்யும் முறைக்கு மாறாக, கடிகாரத்திற்கும் கூலிக்கும் கட்டுப்பட்ட உழைப்பை ஆலை வேண்டியது. சிவசமுத்திரத்தில் 1902இல் உற்பத்தியான மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்கும், 1905இல் பெங்களூருக்கும் சென்றது. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த விசுவேசுவரய்யா தொழில்வளர்ச்சியை அரசின் கடமையாகக் கருதினார்; மைசூர் வங்கி 1913இல் நிறுவப்பட்டது.

3. பொதுத்துறை நிறுவனங்கள்

1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தொலைபேசித் தொழிற்சாலை (1948), எச்.எம்.டி. (1953), பாரத் எலக்ட்ரானிக்ஸ் (1954) ஆகியவை அமைந்தன. பேட்டையும் பாளையமும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. 1941இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 7.8 இலட்சத்தை நெருங்கியது. ஒரே பணிக்கூடத்தில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் அருகருகே நின்றனர். ஆங்கிலமோ அலுவலகத் தாள்களில் நிலைத்தது. மாதச் சம்பளமும் குடியிருப்பும் தந்த இவ்வேலைகள் பலரும் விழையும் செல்வமாயின. அவை யாருக்கு உரியவை என்ற வினாவும் உடன் எழுந்தது.

4. வேலைநிறுத்தமும் மொழிப் போராட்டமும்

1980 டிசம்பரில் தொடங்கி 1981 மார்ச் வரை, 77 நாள் பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கு அவர்களை இணைத்தது ஊதியக் கோரிக்கை. அவ்வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த 1981 சனவரியில்தான், பள்ளிகளில் கன்னடத்திற்கு முதலிடம் வேண்டிய கோகாக் குழு அறிக்கை அளிக்கப்பட்டது. அதனை நிறைவேற்றக் கோரி 1982இல் எழுந்த கிளர்ச்சிக்கு நடிகர் ராஜ்குமார் தலைமையேற்றார். மண்ணின் மக்களுக்கு வேலைவாய்ப்பு என்ற கோரிக்கையைச் சரோஜினி மகிஷி குழு 1986இல் பரிந்துரைகளாக வடித்தது. தொழிலாளர் என்ற அடையாளத்தினும் மொழி அடையாளம் வலிமை பெற்றதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

முடிவுரை

வேலைநிறுத்தத்தைக் கன்னடம் 'முஷ்கர' என்கிறது. தமிழில் 'முஷ்கரம்' பிடிவாதத்தைச் சுட்டும். ஒரே சொல் ஒரு மொழியில் உரிமைப் போராட்டமாகவும் மற்றொன்றில் முரட்டுத்தனமாகவும் நிற்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது. அல்சூரில் 1991 முதல் மூடப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டே சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இச்செயல்கள் நல்லிணக்கத்திற்குத் துணைபுரிந்தன. எனினும், பெங்களூரின் மொழிப் பூசலை மொழிப்பற்றால் மட்டும் விளக்க இயலாது. வேலை பங்கிடப்பட்ட வரலாற்றோடு இணைத்துக் காணும்போதே அதன் காரணம் தெளிவாகும்.