மசல் புக்டுவ்: ஒரு பெயரின் இலக்கணம்

2009ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ், கால்பந்து உலகில் வளர்ந்துவரும் 50 இளம் ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 30ஆம் இடத்தில் மசல் புக்டுவ் என்றொரு பெயர். மோல்டோவா நாட்டவர், வயது 16, தாக்குதல் ஆட்டக்காரர், ஆர்சனல் அணியோடு சேர்த்துப் பேசப்படுகிறவர், வேலை அனுமதி கிடைத்தால் வந்துவிடக்கூடும் என்ற அளவில் குறிப்பு. பட்டியலிலிருந்த மற்ற 49 பேருக்கும் இவருக்கும் ஒரே ஒரு வேறுபாடுதான். அந்த 49 பேரும் உலகில் இருந்தார்கள்.

இந்தப் புரட்டைப் பற்றிப் பேசுமுன், அது முளைத்த நிலத்தைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் அணி மாறுவதற்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் மட்டுமே உண்டு என்ற ஒழுங்கு 2002இல் தொடங்கிய ஆட்டப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. ஜனவரியில் ரசிகன் வதந்தியைத் தின்று உயிர் வாழ்கிறான். யாரோ ஒருவரை நம் அணி வாங்கப்போகிறதாம் என்று செய்தி வருகிறது. அவர் ஆடி ரசிகன் பார்த்ததில்லை. அவன் கையில் இருப்பது பெயர் ஒன்றுதான். ஆகவே பெயரை வைத்துக்கொண்டு ஆடுகிறான். அதை எப்படி உச்சரிப்பது என்று சண்டை, எதுகை பிடித்துப் பாட்டு, எதிரணிக்காரன் எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டால் அதைக் காட்டி ஒரு வாரத்துக்கு நையாண்டி. இலக்கணத்தின்மீது இத்தனை அக்கறை கொண்ட கூட்டத்தை நம் வகுப்பறைகளில்கூட நாம் கண்டதில்லை.

இந்த விளையாட்டுக்குத் தகுந்த பெயர்கள் வரலாற்றில் குறைவில்லாமல் கிடைத்திருக்கின்றன. 1996இல் ஜப்பானில் நகோயா அணியைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரை ஆர்சனல் அழைத்து வந்தபோது, லண்டன் மாலை நாளேடு ஒன்று 'ஆர்சென் யார்?' என்று கேட்டது. ஆர்சென் வெங்கர் அதன்பின் 22 ஆண்டுகள் அங்கே இருந்தார் என்பது வேறு கதை. அணியின் பெயரில் பாதியைத் தன் பெயரிலேயே வைத்திருந்தவரைப் பார்த்து 'யார்' என்று கேட்ட வேடிக்கையை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அதைவிடச் சுவையானது யான் வெனெகோர் ஆஃப் ஹெசலிங்க் என்ற டச்சு ஆட்டக்காரரின் பெயர். 2006இல் அவர் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வந்தபோது, 'ஹெசலிங்க் சீமையைச் சேர்ந்த வெனெகோர் பிரபு' என்பதாக அந்தப் பெயர் ஆங்கிலக் காதுகளுக்குக் கேட்டது. ஏனெனில் ஆங்கிலத்தில் 'ஆஃப்' ஆறாம் வேற்றுமையின் வேலையைச் செய்வது. டச்சு மொழியிலோ அதே எழுத்துகளுக்கு 'அல்லது' என்று பொருள். நெதர்லாந்தின் கிழக்கே, ட்வெந்தெ வட்டாரத்தில், 17ஆம் நூற்றாண்டில் வெனெகோர், ஹெசலிங்க் என்ற இரண்டு உழவர் குடும்பங்கள் மண உறவு கொண்டன. இரண்டும் சம மதிப்புள்ளவை, எந்தப் பெயரையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆகவே 'வெனெகோர் அல்லது ஹெசலிங்க்' என்று இரண்டையும் வைத்துக்கொண்டன. பிரபுப் பட்டம்போல் ஒலித்தது உண்மையில் உழவர்களின் சமரசம். ஓர் இடைச்சொல்லைப் பிறமொழிக் காது பிழையாகக் கேட்டதில் ஒரு குடியின் சமூக நிலையே மாறிப்போயிற்று.

பிழையே பெயராகி நிலைத்ததும் உண்டு. பெலே என்று உலகம் அறிந்த எட்சன் அராண்டெஸ் டோ நாசிமெண்டோ, தன் தந்தை ஆடிய அணியின் இலக்குக் காவலர் 'பிலே'யின் பெயரைச் சிறுவயதில் சரியாகச் சொல்ல வராததால், பள்ளித் தோழர்களால் அப்படிக் கேலி செய்யப்பட்டவர். அந்தப் பெயரை அவர் வெறுத்தார். அதற்காக ஒருவனை அடித்துத் தண்டனையும் பெற்றார். எள்ளலுக்கென்று வைத்த பெயர் எப்போது புகழாக மாறும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி மசல் புக்டுவ். பட்டியல் வெளிவந்த சில நாட்களிலேயே ரசிகர்கள் சிலர் வழக்கம்போல் பெயரைக் கையிலெடுத்தார்கள். மோல்டோவாவின் பெரும்பான்மை மொழி ருமேனியம். அங்குள்ள குடும்பப் பெயர்களில் எஸ்கு, யானு, ஆரு என முடிபவை மிகுதி; ருஷ்ய வழியினர் என்றால் ஓவ், இன் போன்ற ஈறுகள் வரும். 'புக்டுவ்' இவற்றில் எதிலும் அடங்கவில்லை. அவரைப் பற்றி முன்பு உலவிய செய்திகளைத் தேடிப் பார்த்தபோது, அவை 'டியாரியோ மோ தோன்' என்ற மோல்டோவா நாளிதழை மேற்கோள் காட்டின. ருமேனிய மொழியில் நாளிதழுக்கு 'சியார்' என்று பெயர். 'டியாரியோ' ஸ்பானியச் சொல். மோல்டோவாவில் ஒரு நாளிதழ் தனக்கு ஏன் ஸ்பானியப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும்?

விடை ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து வந்தது. ஐரிஷ் மொழி அறிந்தவர்கள் பெயரை வாய்விட்டுப் படித்தார்கள். 'ம'அசல் பியக் துவ்' என்றால் 'என் சின்னக் கறுப்புக் கழுதை'. நாளிதழின் பெயரிலிருந்த 'மோ தோன்' என்பதோ 'என் பின்புறம்'.

இலக்கணம் பயின்றவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று ரசிக்கலாம். இரண்டு பகடிகளுக்கும் வேர் ஒரே சொல்தான். ஐரிஷில் 'மோ' என்றால் 'என்'. அதையடுத்து உயிர் முதலாகிய சொல் வந்தால் 'மோ' தன் ஈற்றுயிரை இழக்கும்: மோ + அசல் = மசல். நாட்டரசு என்று சேரும்போது நம் குற்றியலுகரம் விலகிக்கொள்வதை இது நினைவூட்டுகிறது. மெய் முதலாகிய சொல் வந்தாலோ வருமொழியின் முதல் மெய் மென்மையாகும்: 'டோன்' என்பதிலுள்ள டகரம் ஏறத்தாழ ஹகரமாகத் தேய்ந்து, பேச்சில் 'மோ ஹோன்' என்றாகும், எழுத்தில் அந்தத் தேய்வைக் காட்ட ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஆக, போலிப் பெயர்கள் இரண்டும் புணர்ச்சி விதியின் இரு கூறுகளுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டன. அடைமொழிகள் பெயருக்குப் பின்னால் நிற்பதும் ஐரிஷ் மரபு: கழுதை, சின்ன, கறுப்பு. அதனால்தான் கழுதை முதற்பெயராகவும், சின்னக் கறுப்பு குடும்பப் பெயராகவும் அத்தனை இயல்பாகப் பிரிந்து நின்றன. ஐரிஷ் எழுத்துமுறையின் நெட்டெழுத்துக் குறியை விட்டுவிட்டதும், ஒலியை ஆங்கில வழக்கில் சிதைத்து எழுதியதும் தெரிந்தே செய்த பிழைகள். திருத்தமாக எழுதியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இது வெறும் கழுதையும் அல்ல. 'என் சின்னக் கறுப்புக் கழுதை' பாட்ரிக் ஓ கோனரா எழுதிய சிறுகதையின் தலைப்பு. 1882இல் கால்வே நகரில் பிறந்தவர் அவர். லண்டனில் அரசு எழுத்தராக வேலை பார்த்தார். லண்டன் வாழ் அயர்லாந்துக்காரன் ஒருவனின் சிதைவைச் சொல்லும் அவருடைய 'டியோரீஹ்ட்' 1910இல் வெளிவந்தது. ஐரிஷ் மொழியின் தொடக்ககால நவீன நாவல்களில் முதன்மையாக வைத்துப் பேசப்படுவது. கழுதைக் கதை அதைப்போல் இருண்டதன்று. கின்வாரா என்ற கடலோர ஊரில் சந்தை நாள். காற்றுக்குத் தன் பின்புறத்தைக் காட்டியபடி, உலகைப் பொருட்படுத்தாமல் வேலியோரம் நிற்கிறது கழுதை. கதைசொல்லி அதன்மீது ஆசை கொள்கிறார், பேரம் பேசுகிறார், தகுதிக்கு மேல் விலை கொடுத்து வாங்குகிறார். பிறகு அது நகர மறுக்கிறது. அயர்லாந்துப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் படித்த கதை இது.

ஆகவே பகடி செய்தவர் வாய்க்கு வந்த பெயரை வைத்துவிடவில்லை. வர்ணனையில் மயங்கிச் சோம்பேறி விலங்குக்கு அதிக விலை கொடுத்த ஒருவனின் கதையை, அணி மாற்றப் பருவத்தின்மேல் அப்படியே போர்த்தியிருக்கிறார். ஓர் இலக்கியப் படைப்பைப் பற்றி விளையாட்டு உலகில் எழுதப்பட்ட விமரிசனங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் சிரித்து முடித்தபின் நமக்கு ஒரு நெருடலும் மிஞ்சுகிறது. ஐரிஷ், அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பின்படி அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. கடலுக்கு அப்பால் சில மணிநேரத் தொலைவில் பேசப்படும் அந்த மொழியின் பள்ளிப்பாடத் தலைப்பு ஒன்று, ஆங்கில இதழியலின் மூத்த ஏட்டில் ஆள்பெயராக அச்சாகியிருக்கிறது. அது கழுதை என்று ஆசிரியர் குழுவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மோல்டோவாவின் நிலை இன்னும் மோசம். அங்கே அப்படி ஒரு பையன் இருக்கிறானா என்று விசாரிக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் படவில்லை. சிறிய மொழியைப் பற்றிய செவிட்டுத்தனமும் சிறிய நாட்டைப் பற்றிய அலட்சியமும் சேர்ந்த இடத்தில்தான் இந்தப் பகடி பலித்தது. பழிவாங்கியது ஐரிஷ்; அதற்குக் கருவியானது மோல்டோவா. அந்த நாட்டில் உண்மையிலேயே திறமையோடு ஆடிக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் ஒருவனுக்கு இந்த 30ஆம் இடம் கிடைக்கவில்லை என்பதையும் யாரேனும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1996 நவம்பரில் சவுத்தாம்ப்டன் அணி, செனகலைச் சேர்ந்த அலி டியா என்பவரை லீட்ஸ் அணிக்கு எதிராகக் களமிறக்கியது. புகழ்பெற்ற ஜார்ஜ் வேயாவின் உறவினர் இவர் என்று யாரோ தொலைபேசியில் பரிந்துரைத்ததே அதற்குக் காரணம். முதல் பாதியில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர், ஆட்டம் முடியுமுன்பே வெளியே அழைக்கப்பட்டார். அங்கே ஆள் இருந்தான், பெயர் கடன் வாங்கியது. இங்கே பெயர் இருந்தது, ஆளில்லை. டியாவை வைத்து இங்கிலாந்து இன்றும் சிரிக்கிறது. வேலை தேடி வந்த ஓர் இளைஞனைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பில் நம்மால் கலந்துகொள்ள முடிவதில்லை. கழுதைக்காகச் சிரிப்பதில் அந்தத் தயக்கமில்லை.

ஓ கோனரா 1928இல் டப்ளின் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அப்போது அவரிடம் எஞ்சியிருந்தவை புகைக்குழாய், கொஞ்சம் புகையிலை, ஓர் ஆப்பிள் என்று சொல்வார்கள். கால்வே நகரின் நடுச் சதுக்கத்தில் 1935இல் அவருக்குக் கல்லில் சிலை வைத்தார்கள். 1999இல் அந்தச் சிலையின் தலையை யாரோ வெட்டி எடுத்துப்போனார்கள். பிறகு தலை மீட்கப்பட்டது. சிலை இப்போது அந்நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.