ஜக்காடு அட்டை (காஞ்சிபுரம்): வடிவக் காப்பும் மீட்பும்

காஞ்சிபுரம் பட்டுத்தறியில் கரை, உடல், முந்தி ஆகியவற்றின் வடிவங்களைத் துளைகளாகத் தாங்கி நிற்கும் அட்டைத் தொகுதி. பிரான்சின் லியோன் நகரில் 1804-இல் ஜோசப் மரி ஜக்கார் அமைத்த கருவியிலிருந்து பரவியது. அதற்கு முன் காஞ்சியில் 'அடை' முறை இருந்தது. வடிவம் நூல்களிலேயே கட்டப்பட்டிருக்கும். உதவியாள் ஒருவர் அவற்றை வரிசையாக இழுத்துக் கொடுக்க, நெசவாளர் நாடாவை ஓட்டுவார். கட்டை அவிழ்த்தால் வடிவமும் போய்விடும். தறியை விட்டு வடிவத்தைத் தனியே எடுத்து வைக்கும் வசதி அட்டையோடுதான் வந்தது.

தறிக்கு மேலுள்ள பெட்டியில், துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் இழை எழாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்துக் கடைசியை முதலோடு இணைத்தால் வடிவம் தொடர்ந்து விழும். ஓர் அட்டை கிழிந்தாலும் வரிசை மாறினாலும் பிழையும் அதே போலப் புடவை நெடுகத் தொடரும். ஈரம், எலி, தேய்மானம் மூன்றும் அட்டைக்குப் பகை.

மூலம் கட்டத்தாளில் வரைந்த படம். அது பத்திரமாக இருந்தால் அட்டையை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக அடித்துக்கொள்ளலாம். ஆனால் படமும் அட்டையும் மட்டும் போதா. கொக்கிகளின் எண்ணிக்கை, எந்தக் கொக்கியில் எந்த இழை கட்டப்பட்டது, பாவு இழைகளைப் பிரிக்கும் அச்சின் நெருக்கம் ஆகிய குறிப்புகள் இல்லையென்றால் வேறு தறியில் வடிவம் சிதையும். இன்றைய கணினித் துறையில் செயலிகளைப் பல கணினிகளில் சேர்த்து ஓட்டும் குபெர்நெட்டிஸ் கொத்துகளைக் காப்பவர்களுக்கும் இதே பாடம் உண்டு: கொத்தின் அமைப்புத் தகவல் இருக்கும் எட்சிடி கிடங்கின் நகலை எடுத்துவிட்டு, சான்றிதழ்களையும் செயலிகளின் தரவு வட்டுகளையும் விட்டுவிட்டால் கொத்து முழுமையாக மீளாது. நகலைக் கொண்டு ஒரு முறை சோதித்துப் பார்ப்பதே இரு இடத்திலும் உறுதியான வழி. தறியில் அதற்கு ஒரு சாண் நெய்தால் போதும்.

அட்டையும் படமும் அழிந்த பின் எஞ்சும் ஒரே நகல் புடவைதான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாவையும் ஊடையையும் இழை இழையாக எண்ணிக் கட்டத்தாளில் ஏற்றி, மறுபடி அட்டை அடிப்பார்கள். மெதுவான, கண்ணை வருத்தும் வேலை. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி சென்னையில் நிறுவிய கலாக்ஷேத்ராவின் நெசவுப் பிரிவு மரபான காஞ்சி வடிவங்களைத் தறிக்கு மீட்டுக் கொண்டுவந்தது வடிவ மீட்பில் மதிப்புமிக்க பணி.

இப்போது மின்னணு ஜக்காடில் அட்டைக்குப் பதில் கோப்பு. நகலெடுப்பது நொடி வேலை. ஆனால் கருவிக்குக் கருவி கோப்பு முறை மாறுவதால், எளிய படக்கோப்பையும் உடன் வைத்திருப்பது நல்லது. 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சிப்பட்டின் பெயரைக் காக்கிறது. தனித்தனி வடிவங்களின் மூலங்களைச் சேமிப்பது அதன் வேலையன்று.

பழைய பட்டுப்புடவைகள் ஜரிகையின் வெள்ளிக்காக விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. அவற்றில் சில, ஒரு வடிவத்தின் கடைசி நகலாக இருக்கக்கூடும். வீட்டில் அப்படி ஒரு புடவை இருந்தால், விற்பதற்கு முன் கரையையும் முந்தியையும் அருகில் வைத்துத் தெளிவாகப் படமெடுத்து, காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலோ தெரிந்த நெசவாளரிடமோ காட்டுங்கள்.