தமிழும் ஜப்பானிய மொழியும்: ஒரு திருத்தம்



'தமிழிலிருந்து பிறந்ததே ஜப்பானிய மொழி' என்ற செய்தி குடும்பக் குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொன்னவன் நான். திருத்த வேண்டியவனும் நானே.

இந்த உறவை வலியுறுத்திய சுசுமு ஓனோ பழைய ஜப்பானிய மொழியில் பெரும் புலமை கொண்டவர். தமிழையும் முறையாகக் கற்றார். இரு மொழிகளின் சொற்களை, இலக்கணத்தை, நம் பொங்கலையும் ஜப்பானின் ஜனவரி 15 வழக்கங்களையும்கூட ஒப்பிட்டார். நெல் சாகுபடியோடு தமிழும் அங்கே போனது என்றார்.

மொழியியலாளர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருவது இரண்டுக்கும் பொதுதான். ஆனால் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் அப்படித்தான். சில சொற்கள் ஒத்து ஒலிப்பதும் தற்செயலாக இருக்கலாம். உறவு என்று சொல்ல, ஒலி மாற்றங்கள் விதிப்படி சீராக அமைய வேண்டும். நெல் சாகுபடியும் கொரியத் தீபகற்பம் வழியாக ஜப்பானுக்குச் சென்றது என்பதே தொல்லியலாளர்களின் பொதுவான முடிவு. ஜப்பானிய மொழிக்கு உறவு என உறுதியாக நிறுவப்பட்டவை, ஒக்கினாவா உள்ளிட்ட ரியூக்யூத் தீவுகளின் மொழிகள்தான்.

ஓனோவின் உழைப்பை மதிக்கிறேன். அவர் ஆய்வாக முன்வைத்ததை நான் முடிந்த உண்மையாகச் சொல்லிக்கொடுத்தது என் பிழை.

தமிழின் பெருமைக்குச் சங்க இலக்கியம் போதும். பொய்ச் சாட்சி தேவையில்லை. அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், "சாரே திருத்திக்கொண்டார்" என்று தயங்காமல் எழுதுங்கள்.