காரும் விளக்கும் ஒரே போத்தலில்

எங்கட வயதுப் பெடியள் இப்ப "புரொஜெக்ட் கார்" எண்டு ஒரு சொல் பாவிக்கினம். ஓடாமல் கிடக்கிற பழைய கார் ஒன்றை வாங்கி, சம்பளத்திலயோ ரியூசன் காசிலயோ மிச்சம் பிடிச்சு, மாதம் ஒரு சாமானாகப் போட்டு, ரெண்டு மூன்று வருசத்தில ஓடப் பண்ணுறது. யூரியூப்பைப் பார்த்தால் இது அமெரிக்காவில் இருந்து வந்த பொழுதுபோக்கு மாதிரித்தான் தெரியும். அங்கே இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1932இல் ஃபோர்ட் கம்பனி மலிவு விலைக் கார் ஒன்றில் வி8 எஞ்சினைப் பூட்டி விற்றது. அந்தக் கார்கள் பழசாகி விலை விழுந்தபோது கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, வேகமாக ஓட விட்டார்கள். "ஹொட் ரொட்" கலாசாரம் வளர்ந்தது அப்படித்தான். அதற்கு அடிப்படையாக ஒன்று நடந்திருக்க வேண்டும்: பழைய காரின் விலை விழ வேண்டும். விழுந்தால்தான் கையில் கொஞ்சக் காசு உள்ளவனும் இந்த விளையாட்டுக்குள் வரலாம்.

இலங்கையில் அது சரியாக விழவேயில்லை. அதனால் இங்கே பழைய கார் வைத்திருப்பது வீட்டுச் செலவெல்லாம் போக மிஞ்சின காசில் செய்கிற பொழுதுபோக்காக இருக்கவும் முடியவில்லை. அது வீட்டுக் கணக்குக்குள்ளேயே வந்து குந்தி விட்டது.

யாழ்ப்பாணத்தில் பழைய கார் எண்டால் முதலில் வருகிற பெயர்கள் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம். மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பிறகு மினியை வடிவமைத்த அதே ஆள். ஏ40 என்பது உண்மையில் ஒரு கார் இல்லை, டெவன், சொமர்செட், கேம்பிரிட்ஜ், ஃபரீனா எண்டு பல மொடல்களுக்கு ஒஸ்ரின் கம்பனி வைத்த பொதுப் பெயர். நாங்கள் எல்லாத்தையும் ஏ போட்டி எண்டே சொல்லுவம்.

இவை வந்து இறங்கிய காலத்தில் நாடு சிலோன். அந்தப் பழைய கார்களின் இலக்கத் தகட்டில் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. எண்டு இருக்கும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்துப் போட்டவை அவை. 1950களின் கடைசியில் அந்த இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. 1958இல் தமிழரசுக் கட்சி நடத்திய ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால் யாழ்ப்பாணத்து கராஜ் ஒன்றில் நிற்கிற காரின் தகட்டைப் பார்த்தே அது எந்தச் சண்டைக்கு முந்தினது எண்டு சொல்லிப் போடலாம்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது முதலில் அடிபட்டவற்றில் கார் ஒன்று. 1970க்கும் 1977க்கும் இடையில் நிலைமை இன்னும் இறுகியது. புதுக் கார் வராத நாட்டில் பழைய கார் எப்படிப் பழசாகும்? வயது ஏறும், விலை விழாது. 1977இல் பொருளாதாரம் திறந்து ஜப்பான் கார்கள் வந்த பிறகும் இறக்குமதி வரி விலையைத் தாங்கிப் பிடித்தது. வாங்கின விலையை விடக் கூட்டி விற்ற கதையை எங்கட ஊரில் எந்தக் கார்க்காரரும் சொல்லுவார்.

இதனால் ஒரு வாதம் பிறந்தது. "இது செலவு இல்லை, போட்டு வைக்கிற காசு." காணி மாதிரி, நகை மாதிரி. இந்த வாதத்தைப் பெரும்பாலும் ஆண்கள்தான் சொன்னார்கள். சொல்லப்பட்ட இடம் பெரும்பாலும் குசினி வாசல். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காணிக்கு மாதாமாதம் ரயர் மாற்றத் தேவையில்லை.

இதே வாதத்தை இங்கிலாந்தில் ஒருவர் புத்தகமாகவே எழுதினார். பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ல்ஸ் வெயார், 1982இல் நீடித்த கார் உடைமை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கணக்கு எளிமையானது. புதுக் கார் வாங்குகிறவனின் மிகப்பெரிய செலவு பெற்றோல் இல்லை, ஒவ்வொரு வருடமும் காரின் விலை தேய்ந்து போவதுதான். அந்தத் தேய்மானக் காசை எடுத்து ஒரு நல்ல பழைய மைனரைத் திருத்திக் கொண்டே இருந்தால், காரும் கையில் இருக்கும், காசும் தொழிலாளியின் கைக்குப் போகும். புது இரும்புக்கும் புதுத் தொழிற்சாலைக்கும் போகாது. அங்கே அது மாற்றுச் சிந்தனை. எங்கட ஆக்கள் அதை வேறு வழியில்லாமல் இருபது வருடமாகச் செய்து கொண்டிருந்தார்கள், புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மைனர் போன்ற கார்கள் சிறு காசுக்குப் பொருந்தியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மைனரின் மட்காட்டுகள் உருக்கி ஒட்டினவை இல்லை, போல்ட் போட்டுப் பூட்டினவை. ஒன்று துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றலாம். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாகச் சேர்ந்த பிறகு மைனருக்கு ஒஸ்ரினின் ஏ-சீரிஸ் எஞ்சினைப் போட்டார்கள். முதலில் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. அதே குடும்ப எஞ்சின்தான் ஏ30, ஏ35, ஏ40 ஃபரீனா, மினி எல்லாத்திலயும். ஆகவே ஒரு காரின் சாவு இன்னொரு காருக்கு உதிரிப்பாகம். இந்த மாதம் பிறேக் சிலிண்டர், அடுத்த மாதம் கிளச் பிளேட், தீபாவளிக்குப் பிறகு வயறிங். சம்பளம் துண்டு துண்டாக வருகிற வீட்டுக்குத் துண்டு துண்டாகத் திருத்தக்கூடிய கார். இப்போதைய ஹைபிரிட் காரில் பற்றரி போனால் ஒரே நாளில் ஒரே தொகையாகக் கேட்கும்; அதை எந்த மாதக் கணக்கில் எழுதுவது?

பிறகு 1990 வந்தது. யூனில் போர் மீண்டும் தொடங்க, வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் நின்றது. பெற்றோல் வரவில்லை; வந்தது கறுப்புச் சந்தைப் போத்தல்களில், சிந்தினால் அழ வேண்டிய விலையில். மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கிடைத்தது. ஒஸ்ரினும் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இதை மந்திரம் மாதிரிச் சொல்லுவார்கள். மந்திரம் இல்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும்; அதிகம் அமுக்கினால் நேரத்துக்கு முன்னமே வெடித்து எஞ்சினைத் தட்டும். 1950களின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான். ஏ-சீரிஸில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்பதால், போகிற எண்ணெய்க்குச் சூடும் கிடைக்கும். ஆகவே செய்ய வேண்டியது ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்து, அதில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பிரித்தானிய ஃபேர்கசன் உழவு இயந்திரங்களில் இதே முறைக்கென்றே ஒரு வகை தொழிற்சாலையிலேயே செய்து விற்றார்கள். எங்கட மெக்கானிக்மார் செய்தது, அந்த ஏற்பாடு இல்லாத காரை அப்படி ஓட வைத்தது. பெரிய கெட்டித்தனம். நான் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் கெட்டித்தனத்துக்கும் பில் வரும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ரிங் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும், வெள்ளைப் புகை வரும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒயிலும் விலை. ஆக மலிவு எண்ணெயில் ஓடுகிற கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே தின்று கொண்டு ஓடியது. எஞ்சினை இறக்கிப் போர் பண்ணுகிற செலவு ஒரு நாள் வந்தே தீரும்.

இந்தக் கதையை எழுதியவர்கள் எல்லோரும் பொனற்றைத் திறந்து பார்த்து எழுதியவர்கள். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும். மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் வெளிச்சமும் மண்ணெண்ணெய்தான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்த விளக்கைப் பற்றி எங்கட அம்மாமார் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கு. துளித் துளியாக எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அந்த விளக்கே வந்தது. அதன் வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை ஓ.எல்லும் ஏ.எல்லும் எழுதியது. கார் குடித்த எண்ணெயும் அந்த விளக்கு குடித்த எண்ணெயும் ஒன்று.

என் பெரியம்மா அந்தக் காலத்தில் எழுதிய கணக்குக் கொப்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெரியப்பாவிடம் ஒரு சொமர்செட் இருந்தது. கொப்பியில் அரிசி, மா, தேங்காய் எல்லாம் ஒரு வரி. மண்ணெண்ணெய் மட்டும் இரண்டு வரி: "விளக்கு", "கார்". கார் வரிக்குப் பக்கத்தில் சில மாதங்களில் "சீட்டு" எண்டு எழுதியிருக்கு. சீட்டு எடுத்துத்தான் அந்தச் செலவு போயிருக்கிறது. உதிரிப்பாகங்கள் காரின் கீழ் இல்லை, "இதர" என்பதற்குக் கீழே. ஏன் அப்படி எழுதினவ எண்டு கேட்டேன். "காருக்கு எண்டு கூட்டிப் பாத்தா மனம் தாங்காது" எண்டு சொன்னா. ஒரு இடத்தில் "காப்பு சோடி, அடைவு" எண்டு இருக்கு. மீட்டதாக ஒரு வரி இருக்குமோ எண்டு கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை.

நியாயமாகச் சொன்னால், அதே கொப்பியில் வரவுப் பக்கமும் இருக்கிறது. "ஹயர், ஆசுப்பத்திரி." "ஹயர், கலியாணம்." நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்குப் போக ஊரில் இருந்த நாலு சில்லு அது ஒன்றுதான், அதற்குக் காசு வாங்காத நாட்களும் உண்டாம். ஆகவே அந்தக் கார் பெரியப்பாவின் பைத்தியமா, வீட்டின் உழைப்பா, ஊரின் அம்புலன்ஸா எண்டு பிரிக்க ஏலாது. மூன்றும்தான். ஆனால் ஊர் நினைவில் அது "மண்ணெண்ணெயில ஓட்டின மனிசன்" கதை. காப்புச் சோடி அந்தக் கதையில் இல்லை.

அதே 1990களில் இன்னொரு விசித்திரம். மேலே சொன்ன சார்ல்ஸ் வெயார், மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்ப ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது இலங்கையில்தான். சுத்தியலால் தகடு அடிக்கிற கைப்பழக்கம் இந்த நாட்டில் இன்னும் சாகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே அடித்த தகடு இங்கிலாந்தில் ஒரு பொழுதுபோக்குக்காரரின் கராஜுக்குப் போனது. யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை பூட்டியிருந்தது. ஒரே கார், ஒரே தீவு. ஒரு பக்கத்தில் அது ஏற்றுமதிப் பொருள், மற்றப் பக்கத்தில் பிழைப்பு. ஏ9 2002 ஏப்ரலில்தான் திறந்தது.

இப்போதைய அலை 2020 மார்ச்சில் தொடங்கியது எண்டு சொல்லலாம். அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். 1960களின் கதை மறுபடி: புதுசு வராது, பழசின் விலை ஏறும், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மைனரைப் பேரன் வந்து தட்டிப் பார்ப்பான்.

2022இல் எரிபொருளும் போனது. 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 2021 டிசம்பரில் 177 ரூபா, 2022 யூன் கடைசியில் 470. பழைய ஆக்கள் சிலர் மண்ணெண்ணெய்க் கதையை மறுபடி எடுத்தார்கள், ஏனெண்டால் அது அப்போது லீற்றர் 87 ரூபாதான். ஓகஸ்டில் அதையும் 340 ஆக்கினார்கள். அந்த 87 ரூபா எண்ணெயை நம்பி இருந்தவர்கள் கடற்தொழிலாளரும், அடுப்பும் விளக்கும் அதில் எரித்த வீடுகளும். கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. கார் ஓடுதா, கல்லில தூக்கி வைச்சிருக்கா எண்டு அந்தக் கோடு கேக்கேல்லை.

இப்ப ஒரு மைனரை எடுத்துச் செய்யிற பெடியனின் செலவு வேறு மாதிரி. இறப்பர், காபரேட்டர் கிட், பேரிங் போன்றவை பிரித்தானியாவில் இருந்து தபாலில் வரும், விலை பவுண்சில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது, பவுண்சும் கூடவே ஏறியது. அதற்கு முன்னம் போட்ட கணக்குக் கொப்பிகள் எல்லாம் அதோடு செல்லாமல் போச்சு. எனக்குத் தெரிந்த ஒருவன் ஒவ்வொரு பில்லையும் போனில் ஒரு அட்டவணையில் போட்டு வைத்திருக்கிறான். காருக்கு எண்டு தனி நிரல், கீழே மொத்தம். அந்த மொத்தத்தை அம்மாவுக்குக் காட்டினாயா எண்டு கேட்டேன். சிரிச்சான். அவனின் தங்கச்சி பக்கத்தில் இருந்து, "அண்ணா, என்ர பட்டமளிப்புக்கு வைச்ச காசும் அதுக்கை இருக்கு, அதையும் ஒரு நிரலில போடு" எண்டாள். அவன் போனை வாங்கி, உண்மையாகவே ஒரு நிரலைச் சேர்த்தான்.